நேற்று மாதிரி இல்லை

ஜூன் 4, புதன்

அம்மாவுக்கு,

போனை எடுத்தால் நாம் இரண்டு பேருமே கத்துகிறோம். நாம் கத்தினால் பிள்ளை, நம் எறும்பு, காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடுகிறாள். அதனால் எழுதுகிறேன். நான் சொல்லும் வரை நீங்கள் இங்கே வரவேண்டாம். போனும் செய்யவேண்டாம்.

உங்கள் பேத்தி சாப்பிடுவது ஐந்தே பொருள். மேலே எதுவும் ஊற்றாத வெள்ளைச் சோறு. ஓரம் வெட்டி, இரண்டு பக்கமும் ஒரே நிறத்தில் சுட்ட ரொட்டி. விரல் நீளத்துக்கு வெட்டி மொறுமொறுவென்று வறுத்த உருளைக்கிழங்கு. நீலப் பொட்டலத்து பிஸ்கட். ஆறிய பால். ஏழு வருஷம் இந்த ஐந்தில்தான் வளர்ந்திருக்கிறாள். அதிலும் பாதி வயிறு சோற்றால்தான் நிறையும். இது உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

மே 25, ஞாயிற்றுக்கிழமை, நான் கடைக்குப் போன இரண்டு மணி நேரத்தில், அவித்த முட்டையின் வெள்ளையை எடுத்து, பருக்கை அளவுக்குப் பொடியாக நறுக்கி, அந்தச் சோற்றில் கலந்திருக்கிறீர்கள். மூன்றாவது கரண்டியில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. நான் கதவைத் திறந்தபோது அவள் சட்டையெல்லாம் வாந்தி. நீங்கள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "ஒன்னும் இல்லடா கண்ணு, வெறும் சோறுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

முட்டையைக்கூட விட்டுவிடுவேன். அந்த "வெறும் சோறுதான்" என்பதை விடமுடியவில்லை.

இன்றோடு பத்து நாள். ஒரு பருக்கை தொடவில்லை. நான் குக்கரைத் திறந்தாலே அறையை விட்டுப் போய்விடுகிறாள்.

மகள்


ஜூன் 10

மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து வாடிக்கையாளருக்குப் போகவேண்டிய கடிதம் வழிதவறி என் வீட்டுக்கு வந்துவிட்டதோ என்று நினைத்தேன். பேச்சு வந்த நாளிலிருந்து வா, போ, நீ என்று கூப்பிட்டவள் இப்போது நீங்கள் என்கிறாய். சரிங்கம்மா. வரவில்லைங்கம்மா.

நான் நேற்று சமையல் பழக வந்தவள் இல்லை. தொழிற்சாலை கேன்டீனில் இருபத்தாறு வருஷம், ஒரு வேளைக்கு நானூறு பேர். பூசணி என்றால் மூஞ்சியைத் திருப்புகிற வெல்டர்களுக்கு அதையே குழம்பில் அரைத்துவிட்டுப் போட்டிருக்கிறேன். வழித்துச் சாப்பிட்டார்கள், ஒருத்தன் கண்டுபிடித்ததில்லை. சாப்பிடுகிற கூடத்துச் சுவரில் ஒரு புகார் நோட்டு கயிற்றில் தொங்கும். யார் என்ன எழுதினாலும் அதற்குக் கீழே நான் பதில் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும், மேனேஜர் வைத்த சட்டம். இருபத்தாறு வருஷத்தில் வந்தது மூன்றே மூன்று புகார். அதில் ஒன்று மின்விசிறி சத்தம் போடுகிறது என்று.

பிள்ளையை நீ பார்க்கிறாயா இல்லையா? பக்கத்தில் உட்கார்ந்தால் முழங்கை எலும்பு வந்து என்னைக் குத்துகிறது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என் வயிறு கேட்கவில்லை. முட்டையில் சத்து இருக்கிறது என்றுதான் போட்டேன், விஷமா வைத்தேன்?

ஆட்டிசம் என்று டாக்டர் ஒரு பெயர் சொன்ன நாளிலிருந்து அவள் எது செய்தாலும் சரி என்று ஆகிவிட்டது உனக்கு. இரண்டு நாள் பட்டினி போட்டுப் பார். பசி எடுத்தால் தானாகச் சாப்பிடும். உன்னை அப்படித்தான் வளர்த்தேன். கண் தெரியாதவர்களுக்கு நீ கண்ணாடி போட்டு அனுப்புகிறாயே, நாக்குக்கும் ஒன்று இருந்தால் வாங்கிப் போடு.

அம்மா


ஜூன் 17

அம்மா,

சரி, நீ என்றே எழுதுகிறேன். சண்டை போட அதுதான் வசதி.

பட்டினி போட்டுப் பார் என்கிறாய். போட்டுப் பார்த்தேன். டாக்டரிடம் போவதற்கு முன்னால், அவளுக்கு நாலரை வயதில். உனக்குச் சொல்லவில்லை. ரொட்டியைத் தூக்கி ஒளித்துவைத்துவிட்டு, நாங்கள் சாப்பிடுவதைத்தான் நீயும் சாப்பிடவேண்டும் என்றேன். முதல் நாள் அழுதாள். இரண்டாம் நாள் அழவில்லை. மூன்றாம் நாள் காலையில் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கையில் ஊசி குத்தி சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். உன் மருமகன் நான்கு நாள் என்னோடு பேசவில்லை. அவளுக்குப் பசி தெரிவதே நம்மைப் போல இல்லை அம்மா. தெரிந்தாலும், வாயில் வைக்கமுடியாததை வைக்கமுடியாது.

பயிற்சிக்கு அழைத்துப் போகிறேனே, அந்த டீச்சர் சொன்னார்: நமக்கு வாயில் குழைகிற தக்காளி அவளுக்கு ஈரத் துணியை மெல்லுகிற மாதிரி இருக்கலாம். ஒரு தக்காளி புளிக்கும், இன்னொன்று இனிக்கும், அடுத்தது கொழகொழ. எது வரும் என்று தெரியாததை அவளால் நம்பி வாயில் போடமுடியாது. பிஸ்கட் அப்படி இல்லை. நூறு பிஸ்கட்டும் ஒரே பிஸ்கட்.

என்னையே எடுத்துக்கொள். கடையில் நாள் முழுக்க, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா" என்று கேட்கிறேன். அவர்கள் சொல்வதுதான் கணக்கு. "இல்லங்க, உங்களுக்கு நல்லாத்தான் தெரியுது" என்று யாரிடமும் வாதாடியதில்லை. வீட்டுக்கு வந்து ஏழு வயதுப் பிள்ளையிடம், "இது நல்லாத்தான் இருக்கு" என்று வாதாடியிருக்கிறேன்.

அப்படித்தான் வளர்த்தேன் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு நினைவிருக்கிறது. வெண்டைக்காய். ஆறு வயது. நீ என் மூக்கைப் பிடித்துக்கொண்டாய், மூச்சுக்கு வாயைத் திறந்தேன், உள்ளே திணித்தாய். இன்றைக்கும் வெண்டைக்காய் விற்கிற பக்கம் நான் போவதில்லை.

அவள் எடை 17 கிலோ 400 இருந்தது. இப்போது 16.900. பதினாறுக்குக் கீழே போனால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் ஊட்டவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தலைமுடியைச் சீப்பால் தொட்டாலே துடிக்கிறவளுக்கு, மூக்கில் குழாய்.

மகள்


ஜூன் 24

மகளுக்கு,

சொட்டு ஏற்றியதை எனக்கு ஏன் சொல்லவில்லை? நான் என்ன, பக்கத்து வீட்டுக்காரியா?

வெண்டைக்காயை நீ இத்தனை வருஷம் வைத்திருப்பாய் என்று நான் கண்டேனா. அப்போது எல்லார் வீட்டிலும் அப்படித்தான் செய்தார்கள். எனக்கு என் அம்மா செய்தாள். காலையில் ஐந்து மணிக்குக் கேன்டீனில் இருக்கவேண்டும். நீ ஒரு வாய்க்கு அரை மணி நேரம் எடுப்பாய். உன்னைச் சாப்பிட வைத்துவிட்டு ஓடவேண்டும். அவ்வளவுதான். இதை எழுதிவிட்டு அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

குழாய் போடுகிற அளவுக்கு விடாதே. அந்த நீலப் பொட்டலத்து பிஸ்கட் இரண்டு பெட்டி பார்சல் அனுப்பியிருக்கிறேன். இங்கே கிடைக்கவில்லை, மொத்தக் கடை வரைக்கும் போய் வாங்கினேன். சோறு இல்லாவிட்டால் அதையாவது தின்னட்டும்.

அம்மா


ஜூலை 3

அம்மா,

பார்சல் வந்தது. பொட்டலத்தைப் பார்த்தாயா? நீலம்தான். ஆனால் மூலையில் மஞ்சள் நட்சத்திரம் போட்டு, "புதிய சுவை" என்று அச்சடித்திருக்கிறார்கள். எறும்புக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும், அதுதான் வினை. ஒன்றை உடைத்து முகர்ந்தாள். பிறகு நாற்பத்தெட்டுப் பொட்டலங்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய், வாசலுக்கு வெளியே வரிசையாக அடுக்கிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டாள். உன் மருமகன் வேலையிலிருந்து வந்து, "என்ன, கடை போட்டிருக்கீங்களா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதுவிட்டேன்.

உன்மேல் தப்பில்லை. கடையில் இருந்த பழைய பொட்டலங்களும் தீர்ந்துபோய் இப்போது எங்கேயும் இந்த நட்சத்திரம்தான். ஐந்தில் சோறு போனது, பிஸ்கட் போனது. மிச்சம் மூன்று. ரொட்டியையும் இப்போது பிரித்து உள்ளே பார்க்கிறாள்.

சோற்றை மூன்று தடவை முயற்சி செய்தேன். தட்டை வைத்தால் முள்கரண்டியால் பருக்கை பருக்கையாகப் பிரிக்கிறாள். "முட்டை இருக்கா?" இல்லை. "பாட்டியும் இல்லன்னுதான் சொன்னாங்க." இதற்குப் பதிலை நீயே சொல்.

அதோடு, நான் வடிக்கிற சோறு ஒரு நாள் குழைகிறது, ஒரு நாள் விறைக்கிறது. கடையிலிருந்து வந்த களைப்பில் எதையோ வைத்து இறக்குகிறேன். முன்பு அதைப் பொறுத்துக்கொண்டாள். இப்போது பொறுக்க அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை.

எடை 16.400.

மகள்


ஜூலை 9

மகளுக்கு,

எனக்குக் கோபமாக வருகிறது. யார் மேல் என்று தெரியவில்லை. அந்த நட்சத்திரம் போட்டவன் மேலும் இருக்கிறது, என் மேலும் இருக்கிறது. உன் மேலும் கொஞ்சம். எந்த அரிசி? ஒரே கடையில்தான் வாங்குகிறாயா? எத்தனை தரம் களைகிறாய்? ஊற வைக்கிறாயா? தண்ணீரை அளந்து ஊற்றுகிறாயா? நீ அளக்கமாட்டாய், கையை விட்டுப் பார்த்து ஊற்றுவாய், எனக்குத் தெரியும். எந்தப் பாத்திரம், எந்த அடுப்பு, கொதித்த பிறகு எத்தனை நிமிஷம்? சூடாகத் தருகிறாயா, ஆறவைத்தா?

இதையெல்லாம் நான் முதலிலேயே கேட்டிருக்கவேண்டும். அதை விட்டுவிட்டு முட்டையை நறுக்கிக்கொண்டிருந்தேன்.

கேன்டீனில் ருசியாகச் சமைத்தேன் என்று நான் பெருமை பேசுகிறேன். உண்மையில் அங்கே ருசி பெரிய விஷயம் இல்லை. திங்கட்கிழமை போட்ட சோறு வெள்ளிக்கிழமையும் அதே சோறாக இருக்கவேண்டும். அரிசி மூட்டை மாறினால் தண்ணீர் அளவு மாறும், அதற்கு ஏற்றபடி நான் மாற்றுவேன். சாப்பிடுகிறவனுக்கு எதுவும் மாறினது தெரியாது. "நேத்து மாதிரி இல்லையே" என்று ஒருத்தன் சொன்னால் அன்று எனக்குச் சோறு இறங்காது. நூறு பிஸ்கட்டும் ஒரே பிஸ்கட் என்று எழுதினாயே, அதைப் படித்து இரண்டு வாரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

நாலைந்து நாளாகத் தினம் ஒரே அரிசி, ஒரே பாத்திரம், கடிகாரத்தை வைத்துக்கொண்டு வடிக்கிறேன். நான் ஒருத்தி தின்கிற சோற்றுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கீழ்வீட்டு அம்மாள் கேட்கிறாள். அளவெல்லாம் தனித் தாளில் எழுதியிருக்கிறேன்.

எறும்புக்கும் ஒரு தாள் வைத்திருக்கிறேன். நீ முதலில் படித்துப் பார். கொடுக்கலாம் என்றால் கொடு.

அம்மா

எறும்புக்கு,
மே 25 அன்று உன் சோற்றில் முட்டை இருந்தது. நான்தான் போட்டேன். நீ கேட்டபோது இல்லை என்று சொன்னேன். அது பொய். நீ கண்டுபிடித்தது சரி. பெரியவர்கள் நானூறு பேருக்கு இப்படி ஒளித்துப் போட்டிருக்கிறேன். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. நீ ஒருத்திதான் கண்டுபிடித்தாய். இனி உன் தட்டில் எதையும் ஒளிக்கமாட்டேன்.
பாட்டி


ஜூலை 15

அம்மா,

கொடுக்கவேண்டாம் என்று இரண்டு நாள் பையில் வைத்திருந்தேன். பிறகு கொடுத்தேன். நான்கு தரம் படித்தாள். "நானூறு பேரும் கண்டுபிடிக்கலையா?" என்று கேட்டாள். இல்லையாம் என்றேன். "எல்லாருக்கும் மூக்கு அடைச்சிருந்துதா?" என்றாள்.

சாயங்காலம் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். அவள் எழுதினபடியே தருகிறேன்: பாட்டி வரலாம். பானைக்குக் கண்ணாடி மூடி வேண்டும், நான் உள்ளே பார்ப்பேன். சமைக்கும்போது யாரும் பேசக்கூடாது. பாட்டி கையில் பூண்டு வாசனை வரக்கூடாது. என்னைச் சாப்பிடு என்று சொல்லக்கூடாது.

கடைசி வரியைக் கவனி. உன்னால் முடியுமா? நிஜமாகக் கேட்கிறேன். முடியாது என்றால் வராதே. இன்னொரு தடவை உடைந்தால் என்னால் ஒட்டவைக்க முடியாது. எடை 16.100. நூறு கிராம்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வா. எதுவும் வாங்கிக்கொண்டு வராதே. கண்ணாடி மூடி நான் வாங்கிவைக்கிறேன்.

மகள்


ஜூலை 21

மகளுக்கு,

வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். நேற்று உன் வீட்டில் பேசவேண்டியதை எல்லாம் பேசாமல் வந்தேன், அதனால் இங்கே எழுதுகிறேன்.

மூன்று நாள் பூண்டு தொடவில்லை. எலுமிச்சம் தோலால் கையைத் தேய்த்து, அந்த வாசனையும் பிடிக்காதோ என்று வெறும் தண்ணீரில் மறுபடி கழுவி, மூன்று மணி நேரம் பஸ்ஸில் கையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வாயைத் திறக்காமல் சமைத்தேன். நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவள் கண்ணாடி மூடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. என் கையையும்தான். களைகிற தண்ணீரைக்கூட எட்டிப் பார்த்தாள். மேனேஜர்கூட என்னை இப்படி மேற்பார்வை பார்த்ததில்லை.

தட்டு வைத்தோம். பிரித்தாள். முகர்ந்தாள். "முட்டை இல்ல" என்றாள். இறங்கிப் போய்விட்டாள்.

அவ்வளவுதானா என்று நினைத்தேன். "ஒரே ஒரு வாய்" என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கடித்துக்கொண்டேன். நீ என்னைப் பார்த்தாய், நான் சுவரைப் பார்த்தேன். அந்தச் சோற்றை நானே தின்றேன். நன்றாகத்தான் இருந்தது என்று எழுதப்போனேன். வேண்டாம்.

கிளம்பும்போது அடுக்களைக் கதவில் ஒரு நோட்டைக் கயிற்றில் கட்டிவிட்டு வந்தேன், பார்த்திருப்பாய். பென்சிலும் தொங்குகிறது. கேன்டீனில் இருந்த மாதிரி. சாப்பாட்டில் எது சரியில்லை என்றாலும் அவள் அதில் எழுதலாம் என்று சொல். நான் வந்து படித்துப் பதில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மா


ஜூலை 25

அம்மா,

அவசரமாக எழுதுகிறேன், கடையில் ஆள் காத்திருக்கிறது.

திங்கள் முதல் உன் தாளில் இருக்கிறபடியே வடிக்கிறேன். அளந்து, கடிகாரம் பார்த்து, வாய் பேசாமல். திங்கள் பார்த்தாள். செவ்வாய் முகர்ந்தாள். புதன்கிழமை ஒன்பது கரண்டி சாப்பிட்டாள். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாத்திரம் கழுவுகிற மாதிரி நின்றுகொண்டு, கரண்டி தட்டில் படுகிற சத்தத்தை எண்ணினேன்.

வியாழக்கிழமை ஒரு வாய் வைத்தாள், துப்பினாள், போய் நோட்டில் எழுதினாள்: "நேத்து மாதிரி இல்லை." உன் தாளில் இருக்கிறபடிதான் செய்தேன் அம்மா. சத்தியமாக. எனக்கு அப்படியே பானையைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. எவ்வளவு நாள் இப்படி, ஒவ்வொரு வேளையும் பரீட்சை எழுதிக்கொண்டு?

எடை 16.200. டாக்டர் இன்னும் இரண்டு வாரம் பார்க்கலாம் என்றார்.

ஞாயிறு வா. எங்களுக்குக் கடையில் சரக்குக் கணக்கெடுக்கிற நாள், நான் சாயங்காலம்தான் வருவேன். உன் மருமகன் வீட்டில் இருப்பார். அவரையும் பேசாதே என்று சொல்லியிருக்கிறேன்.

மகள்


ஜூலை 28

மகளுக்கு,

நீ வருவதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அதனால் நடந்ததைச் சொல்கிறேன்.

வியாழக்கிழமை நீ கடையிலிருந்து தாமதமாக வந்தாயா? சின்ன அடுப்பில் வைக்கவேண்டியதைச் சீக்கிரம் ஆகட்டும் என்று பெரிய அடுப்பில் வைத்திருக்கிறாய். பானை அடியில் வட்டம் பெரிதாகக் கருத்திருக்கிறது. நிமிஷம் சரி, தண்ணீர் சரி, தீ தப்பு. வெளியே வெந்து உள்ளே விறைத்திருக்கும். எனக்குக்கூடத் தின்றால்தான் தெரியும், பார்த்தால் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. என் இருபத்தாறு வருஷத்தில் இதைவிடச் சரியான புகார் வந்ததில்லை.

அவள் எழுதினதற்குக் கீழே, "தீ அதிகம். இனி சின்ன அடுப்பு மட்டும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "தேதி போடல" என்றாள். போட்டேன். பிறகு வடித்து வைத்தேன். ஆறு கரண்டி. புதன்கிழமையைவிட மூன்று குறைவு, ஏன் என்று கேட்க வாய் துடித்தது. கேட்கவில்லை. பெருமையடித்துக்கொள்ளவில்லை, கேட்கவில்லை என்றுதான் சொல்கிறேன்.

நோட்டை மூடப்போனேன். அடுத்த பக்கத்தில் ஏதோ எழுதியிருந்தது. அவள் எழுத்து இல்லை, உன் எழுத்து. "வெண்டைக்காய். மூக்கைப் பிடித்தது." அவ்வளவுதான். எப்போது எழுதினாய் என்று தெரியவில்லை.

நின்றுகொண்டே இருந்தேன். மருமகன் பேசக்கூடாது என்பதால், தண்ணீர் வேண்டுமா என்று கையாலேயே கேட்டார்.

சட்டப்படி பதில் எழுதவேண்டும். கேன்டீனில் "சரி செய்யப்பட்டது" என்று எழுதுவேன். அதை எழுத முடியாது. அன்று காலையில் அவசரம் என்று எழுதலாம், அதை உனக்கு ஏற்கெனவே எழுதிவிட்டேன், அது பதில் இல்லை. பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு கடைசியில் "பார்த்தேன்" என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தேதியும் போட்டேன்.

அடுத்த ஞாயிறு வருகிறேன். சின்ன அடுப்பு.

அம்மா